பதினாறு எந்த மரத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் சிறுதொழில் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. வார்ப்படத்துக்கு எவ்வளவு இரும்பு பிடிக்கும் என்று தெரிய வேண்டுமானால் மரப் பேட்டர்னை (மண்ணில் பதித்து அச்சு எடுக்க, வார்க்கும் சாமானின் வடிவில் மரத்தில் செய்த மாதிரி) எடை போட்டு 16-ஆல் பெருக்கினால் போதும் என்று அதில் போட்டிருந்தீர்கள். கொண்டலாம்பட்டியில் சின்னதாகப் பவுண்டரி, அதாவது வார்ப்படப் பட்டறை, வைத்திருக்கும் என் நாத்தனார் பையன் அதைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டான். ஒட்டியதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. விசைத்தறி சைடு பிரேம் ஒன்றுக்கு அதை வைத்தே விலை சொல்லியிருக்கிறான். தேக்குப் பேட்டர்ன், ஐந்தரைக் கிலோ. பதினாறால் பெருக்கி 88 கிலோ என்றான். வந்தவர் பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனார். அங்கே அறுபது, அறுபத்தொன்று வரும் என்றார்கள். ஆர்டர் அங்கேயே நின்றுவிட்டது. "அத்தை, பேப்பர்லயே போட்டிருக்காங்களே" என்று கட்டத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

எனக்கு மண்ணில் அச்சு எடுக்கும் மோல்டிங் வேலை தெரியாது, உளி பிடிக்கவும் வராது. ஆனால் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் நடத்திய பவுண்டரியில், 1983 முதல் 2014-ல் மூடும் வரை, தராசும் நோட்டும் என் கையில் இருந்தன. உள்ளே வரும் ஒவ்வொரு பேட்டர்னையும் எடை போடுவேன். வார்த்து வெளியே போகும் ஒவ்வொரு காஸ்டிங்கையும் எடை போடுவேன். அந்த நோட்டுகள் பதினான்கு இன்னும் பரணில் இருக்கின்றன. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பதினாறு என்பது பொய்யான எண் இல்லை. லேசான பைன் மரத்தில் பேட்டர்ன் செய்கிற ஊரில் அது சரியாகவே வரும். பழைய ஆங்கிலக் கையேடுகளிலும் வெள்ளைப் பைனுக்கு அதுதான் எண். வார்ப்பு இரும்பு தண்ணீரைப்போல ஏறக்குறைய 7.2 மடங்கு கனம், நன்றாகக் காய்ந்த அந்தப் பைன் 0.45 மடங்கு. வகுத்தால் 16. எங்கள் பக்கத்தில் நல்ல பேட்டர்ன் என்றால் தேக்குதான். அது 0.65-க்குப் பக்கத்தில் வரும். அதற்குப் பதினாறு எப்படிப் பொருந்தும்?

எங்கள் மாமனார் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. நான் தராசுக்கு வந்த முதல் வாரம், "ஒண்ணுக்குப் பதினொண்ணும்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் பதினொன்று என்று கேட்டதற்கு மேசை டிராயரைத் திறந்து ஒரு இரும்புக் கட்டையை எடுத்து வைத்தார். எங்கள் பட்டறையிலேயே வார்த்து, நாலு பக்கமும் கடைந்து சுத்தம் செய்த கட்டை. நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 5, கனம் 4. ஒரு கிலோ 440 கிராம். கூடவே அதே அளவில் ஒரு தேக்குத் துண்டு, 130 கிராம். "இதில் அது எத்தனை தடவை போகும், நீயே பாரு." பதினொன்றும் கொஞ்சமும். வேறு விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை.

அந்த டிராயரில் பிற்பாடு நான் சேர்த்துக்கொண்டவையும் உண்டு. அதே அளவில் அலுமினியக் கட்டை 540 கிராம், பித்தளை 1,700, கன்மெட்டல் என்கிற செம்பு வெள்ளீயக் கலவை 1,740. மரத்தில் பைன் 90 முதல் 100 வரை, பலகைக்குப் பலகை மாறும். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் தேக்கை விட லேசு, பைனை விடக் கனம். அதில் இரும்புக்கு 12-க்கும் 13-க்கும் நடுவில் வந்தது. ஆக, எடையைப் பெருக்குகிற எண்ணில் பாதி உலோகத்துடையது, பாதி மரத்துடையது. உங்கள் கட்டத்தில் மரத்தின் பெயரே இல்லை.

சரி, இதைப் பெரிய புத்திசாலி மாதிரி சொல்கிறேன். நானே இதில் விழுந்து எழுந்தவள். 1991-ல் ஏற்காட்டிலிருந்து ஒரு எஸ்டேட் மேஸ்திரி வந்தார். காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் பல்ப்பர் மெஷினுக்குக் கைச்சக்கரம் வேண்டும். இரண்டடி விட்டம், ஆறு ஆரம். உடைந்த பழைய சக்கரம் இருந்தால் அதையே தராசில் போட்டிருப்பேன், கதை முடிந்திருக்கும். அதை முன்னாடியே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்களாம். மலையிலேயே தச்சரை வைத்துச் செய்த பேட்டர்னை மட்டும் சாக்கில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸின் மேலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பளபளவென்று கறுப்புப் பெயின்ட். எடை இரண்டு கிலோ 600.

எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் உலை போடும் நாள். அன்றைக்கு ஊற்றப்போகிற மண் அச்சுப் பெட்டிகளுக்கெல்லாம் எத்தனை கிலோ என்று கூட்டி, நான்தான் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் உலைக்கு இரும்பும் கரியும் அளப்பார்கள். சக்கரத்துக்கு 2.6-ஐ 11-ஆல் பெருக்கி 28.6, ரன்னர் ரைசருக்கு (மெட்டல் உள்ளே ஓடும் வழி, நிறைந்து மேலே வரும் வழி) எட்டு, ஆக மொத்தம் 37 என்று எழுதினேன். அன்று காலை பேட்டர்னை மண்ணில் பதிக்கத் தூக்கிய மோல்டர், "அக்கா, இது என்ன பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. எட்டாவது பெட்டியா ஒன்பதாவது பெட்டியா என்று கூட்டலில் இருந்தேன்.

சக்கரம் அன்றைக்குக் கடைசிப் பெட்டி. சாயங்காலம் நாலரை இருக்கும். உருகிய இரும்பை இரண்டு லேடில் கரண்டியில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரைசர் வாயில் மெட்டல் எட்டிப் பார்த்தால் பெட்டி நிறைந்தது என்று அர்த்தம். எட்டிப் பார்க்கவில்லை. லேடில் காலி. உலையின் வாயைத் திரும்பத் திறந்து பார்த்தார்கள், கழிவுதான் வழிந்தது. மறு லேடில் கொண்டுவந்து ஊற்றலாமே என்று கேட்பீர்கள். அதற்குள் உள்ளே போனது தோல் கட்டிவிடும். மேலே ஊற்றுவது அதோடு சேராது, தனி அடுக்காகப் படுத்துக்கொள்ளும். மறுநாள் மண்ணை உடைத்துப் பார்த்தால், ஆரமும் நடுக்குடமும் ஒழுங்காக இருந்தன. வளையத்தின் மேல்பக்கம் மட்டும் பாதிச் சுற்றுக்கு இல்லை. விளிம்பு கூர்மையாக இல்லாமல், உருகிய வெல்லப்பாகு தட்டில் நின்ற மாதிரி உருண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாமனார் ஒரு ஆணியை எடுத்துப் பேட்டர்னின் அடியில் கறுப்புப் பெயின்டைக் கீறினார். வெள்ளை மரம். மெஷின் வந்திறங்கிய பேக்கிங் பெட்டியைப் பிரித்து மலையில் சக்கரம் செய்திருக்கிறார்கள். பெயின்டைப் பார்த்துத் தேக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து வந்த பேட்டர்னுக்கு வெட்டித் துண்டு கிடைக்காதே, அதே மரத்தில் கட்டை வெட்டி எடை போட வழியில்லை. தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம் என்றால் இரண்டடிச் சக்கரம், மரம் ஊறிவிடும். எங்கள் காஸ்டிங் வாங்கும் சேகோ மில்காரர் ஒருவர் கழிவு ஜவ்வரிசி ஒரு மூட்டை கொடுத்திருந்தார். காலி மோல்டிங் பெட்டியைப் பலகை மேல் வைத்து, ஜவ்வரிசியை வாய்வரை நிரப்பி, குலுக்கி, சட்டத்தால் மட்டம் தட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிவிட்டு, சக்கரத்தை உள்ளே வைத்து, அதே ஜவ்வரிசியை அதே மாதிரி குலுக்கி நிரப்பி மட்டம் தட்டினேன். தார்ப்பாயில் மிஞ்சிக் கிடந்தது எவ்வளவோ, சக்கரத்தின் கொள்ளளவு அவ்வளவு. லிட்டர் படியால் அளந்தேன். ஐந்து படி, அதற்கு மேல் அரைப் படிக்குக் கொஞ்சம் குறைவு. 5.4 என்று வைத்து 7.2-ஆல் பெருக்கினால் 39 கிலோ. நான் எழுதியது இருபத்தெட்டரை. எடையையும் கொள்ளளவையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டி மரத்துக்கு 15 வருகிறது. உங்கள் பதினாறுக்கு அது எவ்வளவோ பக்கம், எங்கள் பதினொன்றுக்கு எவ்வளவோ தூரம். ஆகவே பையன் பதினாறால் கெட்டான், நான் பதினொன்றால் கெட்டேன்.

அடுத்த உலை நாளில் 47 என்று எழுதிக் கொடுத்தேன். ரைசரில் மெட்டல் வந்து நின்றது. ரன்னரை உடைத்து, மண் தட்டி எடை போட்டபோது 38 கிலோ 200. முப்பத்தொன்பதுக்கும் முப்பத்தெட்டுக்கும் உள்ள அந்த வித்தியாசம் எதனால் என்றும் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதற்காகப் பேட்டர்னை முன்கூட்டியே அடிக்கு அரைக்கால் அங்குலம் பெரிதாகச் செய்வார்கள். மூன்று பக்கமும் சேர்த்தால் கொள்ளளவில் நூற்றுக்கு மூன்று. அதில் கொஞ்சத்தை, பேட்டர்னை மண்ணிலிருந்து எடுக்கும்போது தட்டி அசைப்பது திருப்பிக் கொடுத்துவிடும், குழி சற்று அகன்றுவிடுமே. சின்னச் சாமானில் இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். நான் இதைக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

கணக்கில் சேர்த்தே ஆக வேண்டியது கோர், அதாவது ஓட்டை வர வேண்டிய இடத்தில் அச்சுக்குள் வைக்கும் மண் கட்டை. உங்கள் கட்டத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. ஓட்டை உள்ள சாமானுக்குப் பேட்டர்ன் பெரும்பாலும் ஓட்டை இல்லாமல், முழுக்கட்டையாகத்தான் இருக்கும். போதாததற்கு, மண் கோர் போய் உட்கார இரண்டு பக்கமும் மூக்கு மாதிரி கோர் பிரிண்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் உலோகம் வரவே வராது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போன கன்மெட்டல் புஷ் (தண்டு சுழல்வதற்கான குழாய்) ஒன்றை நோட்டிலிருந்து சொல்கிறேன். வெளிவிட்டம் 12 சென்டிமீட்டர், நீளம் 15, துளை 7, இரண்டு பக்கமும் பிரிண்ட் நான்கு நான்கு சென்டிமீட்டர். தேக்குப் பேட்டர்ன் ஒரு கிலோ 300. தேக்குக்குக் கன்மெட்டல் 13.4 மடங்கு. பெருக்கினால் 17 கிலோ 400. இதை நம்பி விலை சொன்னால் வந்தவர் ஓடிப்போவார். கன்மெட்டல் விற்கும் விலையில் ஏழெட்டுக் கிலோ என்பது விளையாட்டு இல்லை.

இதற்கு நான் கண்ட வழி கோரையும் தராசில் போடுவது. எங்கள் கோர் மண்ணை மாமனாரின் இரும்புக் கட்டை அளவுக்கே இடித்து, சூளையில் காயவைத்துப் பார்த்தேன். 320 கிராம். கன்மெட்டல் கட்டை அதைப்போல 5.4 மடங்கு, இரும்புக் கட்டை 4.5 மடங்கு. புஷ்ஷின் கோர், பிரிண்ட்டில் உட்காரும் பகுதியோடு சேர்த்து, காய்ந்தபின் ஒரு கிலோ 400 இருந்தது. 5.4-ஆல் பெருக்கினால் 7 கிலோ 600. பதினேழு நானூற்றில் அதைக் கழித்தால் 9 கிலோ 800. காஸ்டிங் வந்தது அதற்கு நூறு கிராம் முன்னே பின்னே. துளைக்கு ஒரு தடவை, பிரிண்ட்டுக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகக் கழிக்க வேண்டாம். முழுக் கோரையும் ஒரே தடவை கழித்தால் இரண்டும் போய்விடும். கோருக்குள் கம்பி வைத்திருந்தால் கம்பியின் எடையை முதலில் எடுத்துவிட வேண்டும்.

மற்றவை சில்லறை விஷயம். சும்மா பார்த்து வைத்துக்கொண்டால் போதும். பேட்டர்னைத் தட்டித் தூக்குவதற்கு இரும்புத் தகடு திருகியிருப்பார்கள். கால் கிலோத் தகடு, பதினொன்றால் பெருக்கும்போது இரண்டே முக்கால் கிலோவாக வந்து உட்காரும். ஈரமும் அப்படித்தான். ஐப்பசி மழையில் எஸ்டேட் குடோனில் கிடந்த தேக்குப் பேட்டர்ன் ஒன்றை எடை போட்டு, பட்டறையில் பத்து நாள் வைத்திருந்து திரும்பப் போட்டேன். 180 கிராம் குறைந்திருந்தது. மலை ஈரத்துக்கு இரும்பு விலை யாராவது கொடுப்பார்களா?

அப்புறம், காஸ்டிங் எடை வேறு, உருக்க வேண்டிய எடை வேறு. ரன்னர், ரைசர், ஊற்றும் குழி எல்லாம் நிறைய வேண்டும். சக்கரத்துக்கு எட்டுக் கிலோ எழுதினேன் என்றேனே, அது மோல்டர் கை வைத்துக் காட்டிய அளவு. அலுமினியத்திலும் கன்மெட்டலிலும் ரைசர் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும், காஸ்டிங்கின் பாதி எடைகூடப் போகும். உடைத்து எடுத்து மறு உலையில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கு அது உருக்கும் மூசையில் இருந்தாக வேண்டும். பித்தளை என்றால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எரிந்து போவதும் உண்டு. அதற்கு நூற்றுக்கு நாலைந்து கூட்டிக்கொள்வோம். புகை நாளில் வேலையாட்களுக்கு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும், காலையில் விட்டுவிடும். மாமியார் அன்றைக்கு எல்லோருக்கும் பால் காய்ச்சிக் கொடுப்பார். பாலால் குணமானதா, தானாகவே விட்டதா என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டரில் படம் போட்டால் எடையும் சேர்ந்தே வந்துவிடுகிறதே, இதெல்லாம் இப்போது எதற்கு என்று என் மகன் கேட்கிறான். வாஸ்தவம்தான். கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் பெரிய பவுண்டரிகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பெயின்ட் அடித்த ஒரு பழைய பேட்டர்னைத் தோளில் போட்டுக்கொண்டு, படம் எதுவும் இல்லாமல், "இது மாதிரி இரண்டு வேணும், எவ்வளவு ஆகும்" என்று கேட்டு வருகிறவர்கள் சேலத்தில் இன்றும் வருகிறார்கள். நாத்தனார் பையனிடம் வந்தவரும் அப்படித்தான் வந்தார். கஞ்சமலை இரும்புக் கல்லை 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கினார் என்று பேசுகிற ஊர் இது. ஏற்காட்டு பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமானதும் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊர்ப் பதிப்பில் பைன் மரத்து எண்ணைத் தேக்குக்காரர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டாம்.

அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில், ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசகம் நானே தருகிறேன்: 'பேட்டர்ன் செய்த அதே பலகையில் 10-க்கு 5-க்கு 4 சென்டிமீட்டரில் ஒரு துண்டு வெட்டி, கிராமில் எடை போடவும். வார்ப்பு இரும்பு என்றால் 1,440-ஐ அந்த எடையால் வகுக்கவும். வருவதுதான் பெருக்க வேண்டிய எண். கோர் இருந்தால் கழிக்கவும். ரன்னர், ரைசர் தனி.' பித்தளைக்கும் கன்மெட்டலுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள எண்களை மேலே எழுதியிருக்கிறேன், இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். நாத்தனார் பையன் இதையும் சுவரில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
முப்பத்தொரு வருடம் தராசில் நின்ற வாசகி,
சூரமங்கலம், சேலம்.

பி.கு.: அந்தக் கட்டத்தின் மேல் 'மரப் பேட்டர்ன்' என்று போட்டிருந்த படத்தை என் மோல்டர் தம்பியிடமும் காட்டிக் கேட்டுவிட்டேன். அது பேட்டர்ன் இல்லை. கோர் இடித்து எடுக்கும் கோர் பாக்ஸ்.